நான் எழுதாமல் விட்ட சிவப்பு வரி

சென்ற மாதம் நஸ்ரின் என்னைப் பழைய ஆய்வுகூடத்துக்கு அழைத்தாள். கண்டிப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் இரத்தம் பார்த்தவன் நான். நஸ்ரின் எனக்குக் கீழே வேலைக்கு வந்து, நான் ஓய்வு பெற்ற பின் என் கதிரையில் அமர்ந்தவள்.

“புது மெஷின் வந்தீக்கி, சேர். வந்து பாருங்க. பார்த்துட்டு நம்மட ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு மூணு பக்கம் எழுதித் தரணும்” என்றாள்.

போனேன். அப்பம் சுடும் சட்டியளவு கூட இல்லாத ஒரு பெட்டி. ஒரு துளி இரத்தம் போதும். மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. “இதுக்குப் புது அணு, பழைய அணு எல்லாம் ஒண்டுதான், சேர். ஏமாத்த ஏலாது” என்றாள் நஸ்ரின். அவள் ஒன்றும் அறியாமல்தான் சொன்னாள். தேநீர் கூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவள் கேட்டது மலருக்குப் பொருத்தமான, சிரிக்கச் சிரிக்க ஏதாவது. என்னிடம் எழுத இருப்பது ஒன்றுதான்.

இரத்தத்தின் சிவப்பு அணுவான செங்குழியத்துக்குள் ஒரு நொதியம் இருக்கிறது. ஜி-சிக்ஸ்-பி-டி என்று சுருக்கிச் சொல்வோம். அணு துருப்பிடிக்காமல் காப்பது அதன் வேலை. அதை உண்டாக்கும் மரபணுவில் விகாரம் ஏற்பட்டால் நொதியம் சீக்கிரம் தேய்ந்துபோகும். அப்படிப் பிறந்த பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் ஓடி விளையாடும். சில மருந்துகளோ சில பொருட்களோ உடம்பில் சேரும் வரை ஒன்றும் தெரியாது. சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் செங்குழியங்கள் கூட்டம் கூட்டமாக உடையும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், பிள்ளை வெளிறும். தாய் வழியாக வருவது. தாயைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆண் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும். துணி வைக்கும் பெட்டியில் போடுகிறோமே வெள்ளைப் பூச்சி உருண்டை, அது இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது.

நான் மலையகத்து நாவலப்பிட்டிக்காரன். அங்கே படித்து, கொழும்பில் பயிற்சி பெற்று, இருபத்து நாலு வயதில் வேலைக்கு வந்தேன். ஊசி குத்தவும், இரத்தத்தைக் கண்ணாடியில் பூசவும், அணுக்களை எண்ணவும் கொழும்பில் பழகினேன். வேலை என்றால் என்னவென்று பார்த்தது டொக்டர் சறோஜினியிடம்.

அவர் யாழ்ப்பாணத்தவர். எங்கள் இரத்தப் பிரிவின் தலைவர். நாங்கள் மெடம் என்போம். காலடிச் சத்தம் கேட்காது. இடுப்பில் செருகிய சாவிக் கொத்தின் சத்தம்தான் முதலில் வரும். நுணுக்குக்காட்டியில் ஒரு கண்ணாடித் துண்டைப் பார்த்து முடித்ததும் உடனே எழுந்துவிட மாட்டார். “வேற என்ன?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்ப்பார். பார்த்த துண்டுகள் எல்லாவற்றையும் இலக்கம் ஒட்டி மரப்பெட்டியில் ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்வார். நாங்கள் அந்தப் பெட்டியை ‘மெடத்தின் நகைப்பெட்டி’ என்று கேலி பேசுவோம். அவருக்கும் அது தெரியும். “நகை எண்டா பூட்டி வையுங்கோவன்” என்பார்.

அந்த நொதியத்தைப் பார்க்க அப்போது எங்களிடம் இருந்தது மூன்று கண்ணாடிக் குழாய்கள்தான். மூன்றிலும் பிள்ளையின் இரத்தம். ஒன்றில் எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டாவதில் சோடியம் நைத்திரைற்றும் குளுக்கோசும். மூன்றாவதில் அவற்றோடு ஒரு நீலச் சாயம். வெந்நீர்த் தொட்டியில் உடம்புச் சூட்டில் மூன்று மணி நேரம் வைப்போம். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவோம். முதலாவது எப்போதும் சிவப்பு, இரண்டாவது எப்போதும் கோப்பிக் கலர். மூன்றாவது யாரோடு சேருகிறது என்பதுதான் கேள்வி. சிவப்போடு சேர்ந்தால் நொதியம் உண்டு. கோப்பியோடு சேர்ந்தால் இல்லை. மெடம் குழாய்களை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்ப்பார். மின்விளக்கில் பார்க்க விடமாட்டார். மழை மூடிய நாளில் வெயில் வரும் வரை காத்திருந்ததும் உண்டு.

இந்தச் சோதனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. நோய் வந்து அடங்கும் நேரத்தில், நொதியம் தேய்ந்த பழைய அணுக்கள் உடைந்து போயிருக்கும். உடம்பு அவசரமாகப் பெற்றுப் போட்ட இளம் அணுக்கள்தான் அப்போது ஓடிக்கொண்டிருக்கும். இளம் அணுவில் நொதியம் இன்னும் தேய்ந்திருக்காது. குழாய் சிவக்கும். குறையுள்ள பிள்ளை, குறையில்லாத பிள்ளை போலத் தெரியும். அதனால் மெடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இளம் அணுக்கள் அதிகமாக இருந்தால், சோதனை முடிவுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி எழுத வேண்டும்: “இது இறுதி முடிவல்ல. மூன்று மாதம் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கவும்.” நோயாளியைப் பார்க்கும் வாட்டு டொக்டருக்கு ஆங்கிலத்தில் ஒரு தரம், வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு அவருடைய மொழியில் ஒரு தரம்.

எனக்கு அந்த வரி பிடிக்காது. வாட்டு டொக்டர்மார், “உங்கட லேபில எதுக்குமே முடிவு இல்லையா?” என்று என்னைத்தான் சீண்டுவார்கள். ஒரு நாள் மெடத்திடமே சொன்னேன்.

“தோட்டத்துச் சனம் மெடம். ஒரு நாள் வேலைய விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி மறுபடியும் வரணும். பாதிப் பேர் வர்றதே இல்ல.”

“வாறது அவையின்ர வேலை. எழுதிறது எங்கட வேலை. நீர் எங்கட வேலையைச் செய்யும்.”

தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்காகப் பேசுவதுபோல் பேசினேன். உண்மையில் எனக்காகத்தான் பேசினேன்.

ஒரு வருடம், தாயாரின் மரணச் சடங்குக்கு மெடம் யாழ்ப்பாணம் போனார். இரண்டு வாரம் நான் பொறுப்பு. பிற்பகல் நாலு மணிக்குள் எல்லா முடிவுகளும் வாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. “இப்பதான் இது லேப்” என்று ஒரு டொக்டர் தோளில் தட்டினார். எனக்கு அது இனித்தது.

அந்த நாட்களில் சிறுவர் வாட்டுக்கு இரத்தம் எடுக்கப் போனேன். நாலு வயதுப் பையன், பெயர் சுரேஷ். தாய் பாக்கியம், பன்விலப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுப்பவர். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். என் பேச்சைக் கேட்டதும் தன் சனம் என்று தெரிந்து அவருக்கு முகம் மலர்ந்தது.

“நாலு நாளா கறுப்பா, பிளேன்டீ கலர்ல ஒண்ணுக்குப் போனான், ஐயா. இப்பதான் தெளிஞ்சிருக்கு.”

பையன் என் கையைப் பார்த்தான். “ஊசியா?”

“ஊசி இல்லடா. எறும்பு.”

“பொய்” என்றான். குத்தினேன். அழவில்லை. “பொய்தானே சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டான். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

குனிந்தபோது அவனுடைய கம்பளிச் சட்டையிலிருந்து பூச்சி உருண்டை வாசம் வந்தது. குளிர் தொடங்கியதும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நாவலப்பிட்டியில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும். அந்த வாசம் வந்தால் வீட்டில் நல்ல காரியம் என்று அர்த்தம். எனக்கு அம்மாவின் பெட்டி ஞாபகம் வந்தது. நோய் ஞாபகம் வரவில்லை.

ஆய்வுகூடத்தில் துண்டைச் சாயமிட்டுப் பார்த்தேன். நீல வலை பின்னிய இளம் அணுக்கள் பார்த்த இடமெல்லாம் இருந்தன. மூன்று மணி நேரம் கழித்துக் குழாய் சிவந்தது. சிவப்புப் பேனா மேசையில் கிடந்தது. அறியாமல் விட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வரியை நினைத்தேன். ‘மெடம் இல்லாத இரண்டு வாரத்திலாவது இந்த லேபிலிருந்து ஒரு முடிவு முடிவாகப் போகட்டும்’ என்றும் நினைத்தேன். ‘நோர்மல்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் வாசலில் பாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டார். “வீட்டுக்குப் போகச் சொல்லி டிக்கட் வெட்டிட்டாங்க ஐயா. ரத்தத்துல ஒண்ணும் இல்லைங்களே?”

“ஒண்ணும் இல்ல. தைரியமாக் கூட்டிட்டுப் போங்க.”

பத்து மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். கையில் ஐந்து நாள் குழந்தை. ஆஸ்பத்திரியில் பெற்று நல்லபடியாக வீட்டுக்குக் கொண்டுபோனது. அண்ணன் போட்ட பிளானல் சட்டைகளையும் சுற்றிய துணிகளையும் துவைத்து மடித்து, உருண்டை போட்டு, பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். தம்பிக்கு அதைத்தான் போட்டார்கள். முதல் பிள்ளையின் உடுப்பில் இரண்டாவது பிள்ளை தொடங்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு முறை. மூன்றாம் நாள் மஞ்சள் தெரிந்திருக்கிறது. ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிக்க மறுத்து, வில்லாய் வளைந்து கிடந்தது. இரத்தம் மாற்றினார்கள். உயிர் தங்கியது. காது தங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பாக்கியத்துக்கும், கூட வந்திருந்த சுரேஷுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார் மெடம். ஜன்னலில் குழாயைப் பிடித்தார். சுரேஷுடையது அசல் கோப்பி. தாயின் குழாய் சிவப்புக்கும் கோப்பிக்கும் நடுவே ஒரு மங்கல் நிறம். சுமப்பவர் தாய், கொடுத்தது தாயின் மரபணு. பதிவேட்டைத் திறந்து பழைய பக்கத்தைப் பார்த்தார்.

“உம்மட கையெழுத்து. ரெட்டிக் எப்பிடி இருந்தது?” இளம் அணுக்களைத்தான் கேட்டார்.

“கூடுதலா இருந்த மாதிரி ஞாபகம் இல்ல, மெடம்.”

அவர் மரப்பெட்டியைத் திறந்தார். பத்து மாதத்துக்கு முந்திய அந்தத் துண்டு அங்கே இருந்தது. நுணுக்குக்காட்டியில் வைத்தார். “வேற என்ன?” என்று இந்தத் தடவை கேட்கவில்லை. துண்டைத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். வாட்டுக்குக் கடிதம் எழுதினார்: தவறு எங்கள் ஆய்வுகூடத்தினுடையது. கீழே அவருடைய கையெழுத்து. என் பெயர் எங்கும் இல்லை.

பிறகு சொன்னார்: “தாய்க்கு நீர் சொல்லும். நான் சொல்லமாட்டன். நீர்தான் சொல்ல வேணும்.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. இன்றைக்கும் அந்த ஏச்சுக்காக ஏங்குகிறேன்.

வாட்டுக்குப் போனேன். கட்டிலோரம் தரையில் பாயில் இருந்தார் பாக்கியம். என்னைக் கண்டதும் எழுந்தார். “பாருங்க ஐயா, இவனுக்கும் வந்திருச்சு” என்றார். குழாயையும் சிவப்பு வரியையும் சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு.

“பெட்டியில உருண்டை போடாதீங்க இனிமே. இந்தப் பிள்ளைகளுக்கு அது ஆகாது. அதாலதான் வந்தது.”

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். “நான் போட்டதாலயா ஐயா?”

“தெரியாமத்தானே” என்றேன்.

உண்மையில் பாதி சொன்னேன். அவரைக் குற்றவாளியாக்குகிற பாதி. மற்றப் பாதியை வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் மெடம் ஓய்வு பெற்று மகனோடு வெளிநாடு போனார். பிரியாவிடை நாளில் என்னைத் தனியே அழைத்து, “அந்தத் தாய்க்குச் சொன்னனீரே?” என்று கேட்டார். “ஓம், மெடம்” என்றேன். எங்கள் பேச்சில் ‘ஓம்’ இல்லை. அவருடைய தமிழில் நான் பேசியது அந்த ஒரு சொல்தான். அதுவும் பொய். சாவிக் கொத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். சில வருடங்களுக்கு முன் அங்கேயே இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பின் என் கையால் போன ஒவ்வொரு முடிவிலும் அந்த வரி இருந்தது. தேவையில்லாத இடத்திலும் எழுதினேன். நஸ்ரின் கூட, “சேருக்குச் சிவப்பு மைப் பைத்தியம்” என்று சிரிப்பாள். குழாய்களை எடுத்துப் பார்க்கும் நேரமான பிற்பகல் மூன்று மணி அடிக்கும்போது இன்றும் வீட்டில் ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன். அந்த வெயில் வேண்டும். வெந்நீர்த் தொட்டியின் முணுமுணுப்பு வேண்டும். குழாய் இன்னும் சிவக்காத, நான் இன்னும் எழுதாத அந்த மூன்று மணி நேரம் வேண்டும். சாவிச் சத்தம் கேட்டால் திரும்பி, “மெடம், இளம் அணுக்கள் நிறைய இருக்கு” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

புது மெஷினைப் பார்த்து வந்த மூன்றாம் நாள் பன்வில பஸ்ஸில் ஏறினேன்.

தோட்டத்துச் சந்தியில் இறங்கி, ஆட்டோக்காரப் பையனிடம், “பாக்கியம்னு ஒருத்தங்க. காது கேக்காத மகன் இருப்பார்” என்றேன்.

“டெய்லர் நேசன் வீடுன்னு கேளுங்க ஐயா. ஊருக்கே அப்படிச் சொன்னாத்தான் தெரியும்” என்றான்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சற்று மேலே புதிதாகக் கட்டிய சிறு வீடு. முன்னறையில் தையல் மெஷின். அதில் குனிந்திருந்த இளைஞன் நான் வந்ததை அறியவில்லை. பாக்கியம் உள்ளேயிருந்து வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முடி பாதி நரைத்திருந்தது.

“அட, எறும்பு ஐயா! ரத்தம் எடுத்தவங்கதானே? வாங்க, வாங்க, ஒக்காருங்க. சுரேசு இன்னமும் சொல்லிச் சிரிப்பான். இப்ப கண்டியில ஆட்டோ ஓட்டுறான்.”

அப்படி அவர் வரவேற்றிருக்கக் கூடாது. கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னேன். துண்டில் பார்த்ததை, எழுதாமல் விட்டதை, ஏன் விட்டேன் என்பதை. எழுதியிருந்தால் மூன்று மாதத்தில் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் தம்பி பிறக்கும் முன்பே பெட்டியைக் கழுவி வைத்திருப்பீர்கள் என்பதை. வாட்டில் பாதியைச் சொல்லி மற்றப் பாதியை ஒளித்ததை.

நான் முடித்ததும் பாக்கியம் சுவரைக் காட்டினார். மாலை போட்ட ஒரு படம்.

“இவங்க எங்க மாமியா. கண்ண மூடுற வரைக்கும் எங்கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. புள்ள காத அவிச்சவன்னுதான் கூப்புடுவாங்க. நானும் ஆமான்னு இருந்தேன். நாந்தானே தொவைச்சேன், நாந்தானே மடிச்சேன். அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா. எம்புள்ளைக்குக் காது வந்திருக்காது. எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.”

“எழுதிக் குடுங்க” என்றார்.

நேசன் தையல் அளவு எழுதும் நோட்டுக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். எழுதினேன். சுரேஷின் இரத்தத்தில் இளம் அணுக்கள் அதிகம் இருந்தன; அது இறுதி முடிவல்ல என்று நான் எழுதியிருக்க வேண்டும்; எழுதவில்லை; பிழை என்னுடையது, தாயினுடையதல்ல. கையெழுத்திட்டேன். சிவப்புப் பேனா அங்கே இல்லை. நீலத்தில்தான் எழுதினேன்.

நேசன் அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தான். என்னைப் பார்த்தான். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. தாயிடம் கைகளால் வேகமாக ஏதோ கேட்டான்.

“பொறக்கப் போற புள்ளைக்கும் காது போகுமான்னு கேக்குறான். இவனுக்குப் பொண்ணு பேசியிருக்கு.”

“போகாது. தெரிஞ்சா யாருக்கும் போகாது. இவருக்கு ஆம்பளப் புள்ள பொறந்தா இவர்கிட்ட இருந்து அதுக்கு இந்தக் கொறை வராது. பொம்பளப் புள்ளைன்னா சுமக்கும். அவளுக்குப் பொறக்கிறதப் பார்க்கணும். இப்ப ஒரு சொட்டு ரத்தத்துல சொல்லிருவாங்க. அந்த மெஷின ஏமாத்த முடியாது.”

பாக்கியம் விரல்களால் அவனுக்கு அதைச் சொன்னார். சுமக்கும் என்பதற்கு, பிள்ளையை இடுப்பில் வைப்பது போல் காட்டினார். அவன் தலையசைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினான். ஆனால் தைக்கவில்லை.

அவர் தாளை எடுத்துப்போய் மாமியார் படத்தின் சட்டத்துக்குள் செருகினார். “படிச்சுக்கோங்க மாமி. அவசரமில்ல” என்றார். பிறகு உள்ளே போய் ஒரு கிளாஸ் பிளேன்டீயோடு வந்தார். அந்தக் கையிலிருந்து வாங்கிக் குடித்தேன். எனக்கு அதில் சீனி தெரியவில்லை.

“எழுத்து மட்டும் பத்தாது ஐயா. ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்குப் போறோம், கெலிஓயாவுக்கு. நீங்களும் வாங்க. இவன் காது எப்படிப் போச்சு, இவன் ரத்தத்துல என்ன இருக்கு, ரெண்டையும் சபையில சொல்லுங்க.”

“சம்பந்தம் முறிஞ்சிட்டா?”

“முறியட்டும். ஒளிச்சு வச்சுக் கட்டி, நாளைக்கு அந்தப் புள்ளையும் என்னைய மாதிரிக் கையப் பாத்துக்கிட்டு ஒக்காரணுமா?”

“வர்றேன்” என்றேன்.

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படியிறங்கிப் பாதைக்கு வந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“ஐயா! அங்க வந்து எறும்புன்னு சொல்லிறாதீங்க.”